இடப்பக்கம் நடந்த சாலை

மேலக்கல்லுருட்டியில் சாலை நடக்கத் தொடங்கிய வருஷத்தில் எங்கள் ஊருக்கு வேறு நல்லது எதுவும் நடக்கவில்லை, அதனால் அதையே நல்லது என்று வைத்துக்கொண்டோம். சௌந்தரபாண்டியின் பழைய பிக்கப் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம், வாழைத்தாரும் அவரைக்காயும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு நீள இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் இடப்பக்கமாக இழுத்தது. அதை ஓட்டிய ஒச்சப்பன் ஸ்டியரிங்கை வலப்பக்கமாக ஒடித்துப் பிடித்தான். வண்டியும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒச்சப்பனும் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பிடிவாதத்துக்கு நடுவில் யாராவது ஒருவர் இறங்கி வந்துதானே ஆகவேண்டும், அதனால் சாலை இறங்கி வந்தது. ஒரு நடைக்கு நாலு விரற்கடை. வண்டி போன பிறகு பார்த்தால் தார், சல்லி, ஓரத்து வெள்ளைக்கோடு எல்லாம் சேர்ந்து இடப்பக்கம் தள்ளி நிற்கும், வலப்பக்கம் சாலை விட்டுப்போன இடத்தில் உழுது போட்ட மாதிரி ஈரமான கறுப்பு மண் கிடக்கும். காலி வண்டி மேலே ஏறும்போது இழுக்கவில்லை, சாலையும் தன் பாட்டுக்கு இருந்தது.

ஆச்சரியப்பட்டோமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு அதற்கு நேரம் எங்கே இருந்தது, முள்கம்பி வாங்க ஓட வேண்டியிருந்தது. இறக்கத்தின் வலப்பக்கம் எங்கள் பக்கம்: சௌந்தரபாண்டி, அவருடைய பங்காளிகள், தோட்டக்காரர்கள் சங்கத்தின் காரியதரிசியாகிய நான். சாலை விட்ட மண்ணில் நான் மிளகு நட்டேன், பங்காளிகள் அவரைக்கொடி போட்டார்கள், சௌந்தரபாண்டி காப்பி உலர்த்த சிமெண்டுக் களமே கட்டிவிட்டார். மின்கம்பங்கள் மட்டும் சாலையோடு நடக்காமல் அதே இடத்தில் நின்றன, அவற்றில் நாங்கள் பாகற்கொடி ஏற்றினோம். நிழற்குடை என் மிளகுத் தோட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அடிவாரத்துக்கு ஜீப் ஏறப் போகிறவர்கள் பழக்கம் விடாமல் வேலி தாண்டி வந்து அதிலேயே உட்கார்ந்து, ஜீப் இருபதடி தள்ளிப் போவதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் நிறுத்தாமல் போய்விட்டான் என்று டிரைவரைத் திட்டினார்கள்.

இடப்பக்கத்தில் ஒற்றை வரிசையாகப் பதினொரு வீடு, அவற்றுக்குப் பின்னால் முந்நூறு அடிப் பள்ளம். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் வாசற்படி போயிற்று, பிறகு துளசிமாடமோ கோழிக்கூண்டோ போயிற்று, பிறகு வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தால் கதவு சாலையில் அடிக்க ஆரம்பித்தது. வரிசையில் எல்லாவற்றையும்விட முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது ஜெசிந்தாவின் வீடு. அடிவாரத்தில் லாரி உதிரிபாகக் கடையில் ஒன்பது வருஷம் கவுண்டரில் நின்றவள், கல்யாணமாகி மேலே வந்தவள், புருஷன் பனியன் கம்பெனிக்கு என்று போய்த் திரும்பாமல் போன பிறகு தன் கையாலேயே கல் அடுக்கி இரண்டு அறை கட்டி, முன்னால் பஞ்சர் கடை போட்டவள். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த இரண்டு அறைதான். ஆவணி மாதம் சாலை அவளுடைய காற்றடிக்கிற கொட்டகையைத் தின்று முடித்து, வீட்டுச் சுவருக்கு ஐந்து முழத்தில் வந்து நின்றது.

அவள் சங்கத்துக்கு மனு கொடுத்தாள். சங்கம் அவளுக்கு ஆலோசனை கொடுத்தது. வீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்ளலாமே என்று ஒரு பங்காளி, பின்னால் பள்ளம் என்று தெரிந்தே, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னான். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். நில அளவைக்காரர் ஒருவர் வந்து, சங்கிலி பிடித்து, எங்கள் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, வரைபடத்தின்படி சாலை அதனுடைய இடத்தில்தான் இருக்கிறது, ஊர்தான் வலப்பக்கமாக விலகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் போனார். அந்தக் காகிதத்துக்குச் சந்தனம் வைத்தோம்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சமயத்தில் 'இழுவை' என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. 'சித்தம்' என்றுதான் சொல்வோம். வண்டியின் சித்தம், மலையின் சித்தம், ஆண்டவன் சித்தம், வாய்க்கு வந்த சித்தம். ஜோசியர், வண்டி முன் ஜென்மத்தில் இடப்பக்கம் எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறது என்றார். சந்தேகம் கேட்டவர்கள் வாயை அடைக்க, அடிவாரத்தில் வீல் அலைன்மெண்ட் பார்க்கிற கடையில் வண்டியை மிஷினில் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் பச்சை டிக் அடித்த காகிதமும் வாங்கி வந்தோம். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றது மிஷின். வண்டி சரி, அரசாங்க வரைபடம் சரி, ஆகவே சாலை நடப்பது சரி. இவ்வளவு படித்தவர்கள் ஒரு மலைமேல் கூடியிருந்தால் வேறென்ன முடிவுக்கு வருவார்கள்?

ஜெசிந்தா மட்டும் டயரைத் தடவிப் பார்த்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒச்சப்பன் மேலே ஏறி வரும் வழியில் அவளிடம் பஞ்சர் ஒட்ட நிறுத்துவான். அப்படி ஒரு நாள் இடது முன் டயரின்மேல் உள்ளங்கையை வைத்து, உள்பக்கமாக ஒருமுறையும் வெளிப்பக்கமாக ஒருமுறையும் இழுத்துவிட்டு, அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கையை வையுங்க. உள்ளாற தடவுனா வழவழன்னு இருக்கா? இப்ப வெளியே இழுங்க."

"ரம்பம் கணக்கா இருக்கு தாயி."

"டயரு உருளல. இழுபட்டுக்கிட்டுப் போகுது. சித்தமாம் சித்தம், இவிங்க மூஞ்சி."

அன்றிலிருந்து அவள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனாள். முதலில் காற்று: இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு. அடுத்து டயரையே இடம் வலம் மாற்றிப் போட்டாள், டயரில் குறை என்றால் இழுவையும் வலப்பக்கம் போகவேண்டும், போகவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள், பிறகு பக்கவாட்டில் ஆட்டினாள், பேரிங்கும் ஸ்டியரிங் கம்பிகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள், இரண்டும் ஒரே சூடு. கடைசியில் சணல் கயிறு எடுத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்தாள். கயிறு இரண்டும் ஒரே நீளம். எங்கள் பக்கத்தில் சிரித்த சிரிப்பு பள்ளத்தின் அடிவரைக்கும் கேட்டிருக்கும். பஞ்சர் ஒட்டுகிறவள் மிஷினுக்கு மேலே போய்விட்டாளாம், கயிறு கட்டி அளக்கிறாளாம், அடுத்து வண்டிக்கு ரவிக்கை தைப்பாளாம். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னது நான்.

இங்கே எங்கள் மலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாரத்தோடு இறங்குகிற வண்டியை நீள இறக்கத்தில் எவனும் நிறுத்த மாட்டான். யாரோ எந்தக் காலத்திலோ நிறுத்தி, வண்டி உருண்டு போயிற்றாம். யார், எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெற்ற தாய் நடுவழியில் கை காட்டினாலும் எங்கள் டிரைவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டேயிருப்பார்கள். அதனால் அந்த வண்டியை யாரும் பார்த்ததெல்லாம் ஏறி வந்த பிறகு, அல்லது கீழே மண்டியில் ஒச்சப்பன் ரிவர்ஸ் எடுத்து பிரேக்கை ஓங்கி மிதித்து நிறுத்திய பிறகு. மிஷினும் அப்படித்தான் பார்த்தது. இழுக்கிற வண்டியை இழுக்கிற இடத்தில் வைத்து ஒரு மனுஷரும் பார்த்ததில்லை.

புரட்டாசியில் சாலை சுவருக்கு இரண்டு முழத்தில் நின்ற அன்று ஜெசிந்தா இரண்டு பெரிய கல்லை எடுத்துக்கொண்டு, பாரத்தோடு வருகிற வண்டிக்கு நேராக இறக்கத்தின் நடுவில் போய் நின்றாள். ஒச்சப்பன் ஹாரன் அடித்தான், கை ஆட்டினான், சாமி பெயரையெல்லாம் சொல்லிக் கத்தினான். அவள் நகரவில்லை. அவளைப் பள்ளத்தில் தள்ளுவதா, வழக்கத்தைத் தள்ளுவதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி நின்றது. அவள் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

இடப்பக்கக் கயிறு வலப்பக்கத்தைவிட மூன்று விரற்கடை குட்டையாக இருந்தது.

அவள் படுத்து உள்ளே போய், சேற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாலையில் படுத்தபடியே சிரித்தாள். முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, அச்சை அதன் இடத்தில் உட்கார வைப்பது ஒரு சென்டர் போல்ட், விரல் நீளம்தான். இடப்பக்கத்துப் போல்ட் இரண்டாக அறுந்து கிடந்தது, சுற்றிப் பிடிக்கிற யூ கிளாம்பும் தளர்ந்திருந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க இடப்பக்க அச்சு பின்னால் நழுவும், வண்டி இடப்பக்கம் திரும்பும். ஏறும்போது முன்சக்கரங்கள் இழுக்கிற இழுப்பிலோ, மண்டியில் ரிவர்ஸில் பிரேக்கை ஓங்கி மிதிக்கிற மிதியிலோ அச்சு முன்னால் நழுவிப் பழைய இடத்துக்கே வந்து உட்காரும்.

"ஒரு போல்ட்டுண்ணே. ஒரு வருஷமா ஒரு போல்ட்டு ஊரை ஆட்டி வச்சிருக்கு."

ஒச்சப்பன் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு சாலையோரமாக உட்கார்ந்துவிட்டான். அந்தத் தோள் வீங்கி, சட்டைக்கே ஒரு பக்கம் தனியாகத் தைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் அவள் அறுந்த போல்ட்டின் இரண்டு துண்டையும் மேஜைமேல் வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை.

"புதுசு நானே போட்டுத் தாரேன்" என்றாள். "வண்டியை ஒரு மணி நேரம் விட்டாப் போதும். ரோடு நிக்கிற எடத்துல நிக்கட்டும், எனக்குச் சுவரு மிஞ்சும்."

சௌந்தரபாண்டி மீசையைத் தடவினார். "ஏம்மா, வண்டி யாரு வண்டி?"

"உங்க வண்டிதேண்ணே."

"ரோடு யாரு ரோடு?"

"கவர்மெண்டு ரோடு."

"ரெண்டுலயும் உனக்கு என்ன சோலி? என் வண்டில எவளாச்சும் கை வச்சா நடக்குறதே வேற. காரியதரிசி, எழுதிக்கிருங்க."

நான் எழுதினேன். 'பிக்கப் வண்டியின் போல்ட்டுக்கும் சாலை நகர்வதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என இச்சங்கம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' யாதொரு என்ற சொல்லை யோசித்துப் போட்டேன். அதைவிட மோசமான வாக்கியத்தை நான் என் ஆயுளில் எழுதியதில்லை, அன்றைக்கு அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜெசிந்தா நகல் ஒன்று கேட்டாள், முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, போல்ட்டுத் துண்டுகளை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனாள். அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, மிளகுக்கொடியைப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்கு மாலை என்ன, சந்தனம் என்ன, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் என்ன. எங்களுக்கு நிலம் தந்த வண்டி என்று சௌந்தரபாண்டி அதைச் சுற்றி விழுந்து கும்பிட்டார். பிறகு நட்டநடு மத்தியானத்தில், வண்டியை இடப்பக்க வரிசைக்கு எதிரிலேயே விட்டுவிட்டு, வலப்பக்கம் முழுவதும் பந்தியில் போய் உட்கார்ந்தது. காவலுக்கு ஒச்சப்பனை வைத்தோம். நாங்கள் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஜெசிந்தா ஜாக்கியும் ஸ்பேனர் பையுமாக வந்திருக்கிறாள்.

"அண்ணே, உங்க வலது தோளு எப்படி இருக்கு?"

"செத்துப்போச்சு தாயி."

"இடது தோளு?"

"அது நல்லாத்தேன் இருக்கு, வேலையே இல்லையே அதுக்கு."

"கொஞ்ச நாளைக்கு அது பாக்கட்டுமா?"

ஒச்சப்பன் மாலையைக் கசங்காமல் ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டானாம். அவள் இடப்பக்கத்தில் புதுப் போல்ட்டைப் போட்டு யூ கிளாம்பை முறுக்கினாள். பிறகு வலப்பக்கம் போய் அங்கே நன்றாக இருந்த போல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கிளாம்பைப் பாதி தளர்த்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

மறுநாள் முதல் நடையில் சாலை வலப்பக்கம் நாலு விரற்கடை நகர்ந்தது.

சித்தம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் வாரத்தில் என் வேலி போயிற்று, இரண்டாம் வாரத்தில் மிளகில் முதல் வரிசை. மார்கழி வந்ததும் அறுவடைக்காக நாங்களே நடையை இரட்டிப்பாக்கினோம், பாரத்தை நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் காப்பி பூஞ்சை பூத்துப் போகும், அதனால் எங்கள் காப்பியே எங்கள் நிலத்தை ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. ஒரு காலையில் சாலை என் கொடிகளின்மேல் படுத்துக் கிடந்ததைப் பார்த்து, "வண்டி இழுக்குதுய்யா! வண்டில ஏதோ கோளாறுய்யா!" என்று எங்கள் பக்கத்தில் முதன்முதலாகக் கத்தியவன் நான்தான். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவன் போல வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

பிறகு பார்க்க வேண்டுமே எங்கள் அறிவை. ஜோசியரைத் துரத்தினோம். மெக்கானிக் மேல் மெக்கானிக்காக வரவழைத்தோம். எல்லோரும் ஏறி வந்த வண்டியைப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார்கள். வலப்பக்கச் சேற்றைச் சுரண்டிப் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை; அவள் சொல்லியிருந்த இடப்பக்கப் போல்ட்டை மட்டும் பார்த்தோம், புத்தம் புதிதாகப் பளபளத்தது, அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. மறுபடியும் மிஷினில் ஏற்றினோம், மறுபடியும் நாலு பச்சை டிக். சௌந்தரபாண்டி அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். அடுத்த திங்கட்கிழமை சாலை அவருடைய சிமெண்டுக் களத்துக்குள் நுழைந்து, காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையோடு அதை விழுங்கியது. அதற்கு அப்பால் இருந்தது அவருடைய அப்பா கட்டிய பழைய வீட்டின் மதில்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் அத்தனை பேரும் பஞ்சர் கடை வாசலில் நின்றோம். வாசல் என்று சொல்கிற அளவுக்கு அங்கே மறுபடி இடம் வந்திருந்தது. ஜெசிந்தா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, நீதான் பாக்கணும்" என்றார் சௌந்தரபாண்டி. எங்கள் ஊரில் அவர் ஒருவரிடம் வேலை கேட்டு நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வியாழக்கிழமை மத்தியானம் வாங்கண்ணே."

"அதுக்குள்ள மதிலு போயிரும்மா!"

"போகாது. வியாழக்கிழமை வாங்க."

கெஞ்சினோம். அவள் குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த டியூபை எடுத்தாள். நாங்கள் இரண்டு நாள் மதிலுக்கு அருகிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு நடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தோம். வியாழக்கிழமை மத்தியானம் ஒச்சப்பன் கடைசி நடையை முடித்துவிட்டு மேலே வந்தபோது, அவள் தகர டப்பாவைத் திறந்து ஒரு போல்ட்டை எடுத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி துணியில் துடைத்தாள்.

"இது ஏது?" என்றார் சௌந்தரபாண்டி.

"உங்க வண்டிதுதேன். வலப்பக்கம். ஆயுத பூஜை அன்னைக்குக் கழட்டுனேன்."

ஒரு கணம் அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவளைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிடுவார் என்று தோன்றியது. "அப்ப என் களத்தை நீதான்டி..." என்று ஆரம்பித்தார். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "காரியதரிசி அண்ணே, உங்க எழுத்துதான. சத்தமா வாசிங்க" என்றாள். நான் வாசித்தேன். யாதொரு என்ற இடத்தை வேகமாகத் தாண்டினேன். முடிவில் இருபத்திரண்டு பெயரையும் வாசித்தேன். சௌந்தரபாண்டி வண்டியை விட்டு விலகி அவளுக்கு வழிவிட்டார்.

அவள் படுத்து உள்ளே போய் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை, சாலையும் எங்கேயும் போகவில்லை.

அன்று சாயங்காலமே நாங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். மின்கம்பத்திலிருந்து சாலை ஓரத்துக்கு, கம்பம் கம்பமாக, இறக்கத்தின் உச்சியிலிருந்து அடிவரைக்கும், பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தோம். எங்கேயாவது அரை சாண் அவள் பக்கத்துக்கு அதிகமாகக் கிடைத்திருந்தால் போதும், திருடி என்று ஊரைக் கூட்டிவிடலாம், நாம் செய்ததைத்தானே அவளும் செய்தாள் என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இருட்டும்வரை அளந்தோம். சாலை நடக்கத் தொடங்குவதற்கு முன்னால் இருந்த அதே இடத்தில் நின்றது, அவள் ஒரு விரற்கடைகூட அதிகமாக எடுத்திருக்கவில்லை. அதை எங்களால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.